தொட்டிலுக்குள் நுழைந்த கடைவீதி

கைக்கூலிக் கொடுமையைக் கண்டித்து நம் சமுதாய மேடைகளில் எழாத முழக்கம் இல்லை. அதற்கெதிராகத் தீர்மானம் நிறைவேற்றாத மாநாடும் இல்லை. மஹர் கொடுத்தே மணமுடிப்போம் என்று உறுதி பூண்ட இளைஞர்களை இன்று ஊர்தோறும் காண்கிறோம். அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் மணநாளில் தலைவாசல் வழியாக வெளியேற்றப்பட்ட அந்த வழக்கம், ஓராண்டு கழிந்ததும் தொட்டிலின் பெயரால் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் திரும்பிவந்து அமர்ந்துகொள்வதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது நம் பகுதிகள் பலவற்றில் உள்ள பழக்கம். ஊருக்கு ஊர் முறை வேறுபடலாம். எனினும் நாற்பது கழிந்து பிள்ளையைத் தந்தைவீட்டுக்கு அனுப்பும் நாளில் உடன் செல்லும் பொருள்களைக் கொண்டு அக்குடும்பத்தின் மதிப்பை அளக்கும் மனப்பான்மை எங்கும் ஒன்றுதான். முன்பு ஒரு தொட்டில், வெள்ளி அரைஞாண், ஒரு பாலாடை, சில பருத்திச் சட்டைகள் என்று அது முடிந்தது. இன்றோ தள்ளுவண்டி, மின்சாரத்தால் ஆடும் தொட்டில், அரை டஜன் பால்புட்டிகள், அவற்றைக் கொதிக்கவைக்க ஒரு கருவி, தலையணைகளோடு கூடிய மெத்தைத் தொகுப்பு, பவுடரும் எண்ணெயும் ஷாம்பும் அடுக்கிய பரிசுப் பெட்டி, சக்கரம் வைத்த வாக்கர், டயாப்பர் மூட்டைகள் என்று பட்டியல் நீள்கிறது. மகளை மணமுடித்துக் கொடுத்த கடனே தீராத வாப்பா, பேரப்பிள்ளையின் முகம் பார்த்த மகிழ்ச்சியோடு அடுத்த கடனுக்கும் கையொப்பமிடுகிறார்.

சட்டமும் இங்கே கைகொடுப்பதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. ஆனால் சத்வீர் சிங் வழக்கில் 2001இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், குழந்தை பிறப்பு முதலிய நிகழ்ச்சிகளின்போது வழக்கத்தையொட்டிக் கொடுக்கப்படுபவை வரதட்சணை என்னும் சொல்லின் பொருளுக்குள் அடங்கமாட்டா என்று கூறியது. ஆகவே மணநாளில் கேட்டால் குற்றமாகும் பொருளைப் பிள்ளை பிறந்தபின் வழக்கம் என்ற பெயரால் எதிர்பார்க்கத் துணிவு வந்துவிடுகிறது. நீதிமன்றம் தட்டிக்கேட்காத இடத்தில் நம் மனச்சான்றுதான் தட்டிக்கேட்க வேண்டும்.

எனவே வெளிப்படையாகவே சொல்கிறோம். இப்பட்டியலில் உள்ளவற்றுள் குழந்தைக்குத் தேவையானவை மிகச் சில. தேவையற்றவை பல. தீங்கு விளைவிப்பவையும் உண்டு. உண்மையில் செலவு செய்யப்பட வேண்டியவள் அந்தக் குழந்தையைப் பெற்றவள். அவளுக்கென்று பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

பட்டியலை எழுதியவர் யார்?

இப்பட்டியலை நம் பாட்டிமார் எழுதவில்லை. மருத்துவர்களும் எழுதவில்லை. விற்பவர்கள் எழுதினார்கள், வாங்குபவர்கள் அதை மரபு என்று நம்பினார்கள். இது இன்று நேற்று நடந்ததன்று.

நம்மவர் பலர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் பணியாற்றினார். இனிப்பூட்டிய டப்பாப்பால் பச்சிளங்குழந்தைகளுக்கு ஏற்ற உணவு என்று விளம்பரப்படுத்தப்பட்டதையும், அதை நம்பிய ஏழைத் தாய்மாரின் குழந்தைகள் நலிந்து மடிந்ததையும் அவர் கண்கூடாகக் கண்டார். 1939இல் அந்நகர ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்ற பொருள்படும் தலைப்பிட்டு அவர் ஆற்றிய உரை, வணிகர்கள் கூடிய அவையிலேயே வணிகத்தின்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டாக அமைந்தது. அதன் பின்னரும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளில் செவிலியரைப்போல் உடுத்திய விற்பனைப் பெண்கள் பால்மாவு டப்பாக்களோடு உலவினார்கள். 1977இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெரும் புறக்கணிப்பு இயக்கம் உலகின் கவனத்தைத் திருப்பியது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனை முறைக்கு ஒரு நெறிமுறையை வகுத்தது. ஆதரவாக 118 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா.

இந்தியா 1992இல் அதைச் சட்டமாகவே இயற்றி, 2003இல் மேலும் இறுக்கியது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால்மாவு, டப்பா உணவு, பால்புட்டி ஆகியவற்றுக்கு விளம்பரம் செய்யக்கூடாது. இலவச மாதிரி கொடுக்கக்கூடாது. பால்மாவு டப்பாவின்மீது குழந்தையின் படமோ தாயின் படமோ இருக்கக்கூடாது. இதனை எத்தனை பேர் அறிவோம்? விளம்பரம் செய்வதற்கே நாட்டின் சட்டம் தடைவிதித்த பொருளை நாம் சரிகைத் தாள் சுற்றிச் சீர்த்தட்டில் வைத்து ஊர்வலமாக அனுப்புகிறோம்!

சட்டம் வந்த பின்னும் வணிகம் திருந்திவிடவில்லை. ஒரு பன்னாட்டு நிறுவனம் ஐரோப்பாவில் சர்க்கரை சேர்க்காமல் விற்கும் குழந்தை உணவை இந்தியாவில் சர்க்கரை சேர்த்து விற்பதாக, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பப்ளிக் ஐ என்னும் அமைப்பு 2024 ஏப்ரலில் வெளிப்படுத்தியது. அங்குள்ள குழந்தைக்கு ஒரு நீதி, இங்குள்ள குழந்தைக்கு ஒரு நீதி!

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

முதலில் பால்புட்டி. அதன் கழுத்தும் காம்பும் கிருமிகள் குடியிருக்க வாகான இடங்கள். ஒவ்வொரு முறையும் உட்புறம் தேய்த்துக் கழுவிக் கொதிநீரில் இட்டு எடுக்கத் தவறினால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தாய்ப்பால் குடிக்க இயலாத குழந்தைக்கு நம் முன்னோர் வைத்திருந்த கருவி பாலாடை. மூடியில்லை, காம்பில்லை, கை நுழையாத கழுத்தில்லை. ஒரு நிமிடத்தில் கழுவிவிடலாம். இன்றும் நம் நாட்டு மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையால் பால் புகட்டுகிறார்கள். மருத்துவர் கையில் எடுத்துக்கொண்டதை நாம் பழம்பொருள் என்று பரணில் போட்டுவிட்டோம்.

அடுத்தது கிரைப் வாட்டர். 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வார்டு என்ற மருந்தாளர் உருவாக்கியது அது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு அதன் பழைய கூட்டில் ஆல்கஹாலும் இருந்தது. பிரிட்டனில் அது நீக்கப்பட்டது 1990களின் தொடக்கத்தில்தான். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்நாட்டுக் குழந்தைகளின் அழுகையை அடக்கியது சதகுப்பையா, சாராயமா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? இன்றைய புட்டிகள் ஆல்கஹால் இல்லாதவை என்றே விற்கப்படுகின்றன. எனினும் முதல் ஆறு மாதங்களில் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், சித்திரை வெயிலில் ஒரு மிடறு தண்ணீர்கூட, தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தண்ணீரே வேண்டா என்னும்போது இனிப்பு நீர் எதற்கு?

பவுடரை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு அழகு கூட்டவே அதைப் பூசுகிறோம். பறக்கும் தூள் பிஞ்சு நுரையீரலுக்குள் செல்கிறது. டால்க் என்னும் கனிமத்தை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வரிசையில் 2024இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்தது. நம் இல்லங்களுக்கே உரிய சுர்மாவைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். கடைகளில் சுர்மா என்று விற்கப்படும் தூள்கள் பலவற்றில் இருப்பது ஈயம் கலந்த கனிமம். கண்ணிலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் செல்லும் ஈயம் வளரும் மூளையைத் தாக்குவது. மரபின்மீது மதிப்புள்ளவர்களாகவே இதைச் சொல்கிறோம்: பிள்ளையின் கண்ணை இறைவன் படைத்த அழகோடு விட்டுவிடுங்கள்.

வாக்கர் எனப்படும் சக்கர வண்டி, நம் பழைய மர நடைவண்டியன்று. நடைவண்டியைத் தள்ளுவதற்குக் குழந்தை முதலில் தன் காலில் தானே எழுந்து நிற்க வேண்டும். வாக்கரோ நிற்கத் தெரியாத குழந்தையைத் துணி இருக்கையில் தொங்கவிட்டு, அதன் வலிமைக்கும் அறிவுக்கும் மீறிய வேகத்தைக் கொடுக்கிறது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம். இதனால் நடை விரைவில் வரும் என்பதும் பொய். சில குழந்தைகளுக்குத் தாமதமே ஆகிறது. 2004 ஏப்ரலில் கனடா அதன் விற்பனையை முற்றிலும் தடை செய்தது. நம் சீர்த்தட்டில் அது இன்னும் நடுநாயகமாக வீற்றிருக்கிறது.

மெத்தைத் தொகுப்பும் அவ்வாறே. குழந்தையை மல்லாத்தி, உறுதியான சமதளத்தில், தலையணையும் பஞ்சுப் பொம்மையும் இன்றிப் படுக்கவைக்க வேண்டும் என்று 1990களில் மேலைநாடுகளில் பெரும் பிரசாரம் நடந்தது. அதன் விளைவாகத் தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. தொட்டிலின் ஓரத்தில் கட்டும் பஞ்சுத் தடுப்புகளையும், சாய்வாக அமைந்த தூக்கக் கருவிகளையும் 2022இல் அமெரிக்கா சட்டமியற்றித் தடை செய்தது. நாமோ பக்கத்துக்கு ஒன்றாகத் தலையணை அடுக்கி, நடுவில் குழந்தையைப் புதைத்து, அழகு பார்க்கிறோம்.

இரண்டு பெட்டிகள்

அப்படியானால் எதைத்தான் வாங்குவது என்று கேட்பது நியாயம். அதற்கு இரண்டு பெட்டிகளைத் திறந்து பார்த்தால் போதும்.

ஒன்று பின்லாந்து நாட்டுப் பெட்டி. 1938இல் ஏழைத் தாய்மாருக்கென்று தொடங்கி, 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் அந்நாட்டு அரசு அதை வழங்கியது. கருவுற்ற நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உள்ளே துணிமணிகள், படுக்கை விரிப்பு, சிறு மெத்தை. பெட்டியே குழந்தைக்குத் தொட்டிலாகவும் பயன்படும். தாய்ப்பாலை ஊக்குவிக்கும் பொருட்டுப் பால்புட்டியையும் சூப்பானையும் பின்னர் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். தாயை மருத்துவரிடம் வரவழைக்கும் அழைப்பிதழாகவே அந்தப் பெட்டி விளங்கியது.

மற்றொன்று தமிழ்நாட்டுப் பெட்டகம். அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015இல் தொடங்கப்பட்ட திட்டத்தில் 16 பொருள்கள் இருந்தன. துண்டு, சட்டை, கொசுவலையுடன் படுக்கை, நகவெட்டி, கிலுகிலுப்பை, கை கழுவும் திரவம், தாய்க்குச் சோப்பு, சுண்டி லேகியம் என அது அமைந்தது. பால்புட்டி அதில் இல்லை. வாக்கர் இல்லை. தாயையும் நினைவில் கொண்ட பட்டியல் என்பதே அதன் சிறப்பு. அதன் மதிப்பு ஏறத்தாழ 1000 ரூபாய். கோடீஸ்வரர் வீட்டுக் குழந்தைக்கும் அதைவிடப் பெரிதாக ஒன்றும் தேவைப்படுவதில்லை.

நாம் சேர்க்கக்கூடியவை சில. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணிகள் இரண்டு டஜன், ஒரு வெப்பமானி, வயிற்றுப்போக்கு நேர்ந்தால் மருத்துவர் சொன்னபடி கரைத்துக் கொடுக்க ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைக்க ஓர் உறை. கார் உள்ள குடும்பமாயின் குழந்தைக்குரிய பாதுகாப்பு இருக்கை. இந்தக் கடைசிப் பொருள் எந்தச் சீர்வரிசையிலும் வருவதில்லை. பல ஆயிரம் ரூபாய்க்குத் தள்ளுவண்டி வாங்கியவர், அந்தக் குழந்தையை முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பறக்கிறார். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு 1000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. இருசக்கர வண்டியில் 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும் என்ற விதி 2022இல் வெளியிடப்பட்டது. உயிர் காக்கும் பொருளை மறந்துவிட்டு ஊர் பார்க்கும் பொருளை மட்டும் வாங்குவது என்ன அறிவுடைமை?

மறக்கப்பட்டவள்

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். இந்திய அளவில் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 100க்கு 42 மட்டுமே. ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தொட்டிலை அலங்கரிக்கும் வீட்டில், அந்தத் தொட்டிலை ஆட்டும் கையில் இரத்தம் இல்லை!

தாய்க்கு நிகரான கருவி கடையில் இல்லை என்பதற்குச் சான்று வேண்டுமா? 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில் எடைகுறைந்த குழந்தைகளைக் காக்க வெப்பப்பேழைகள் போதவில்லை. எட்கர் ரே என்ற மருத்துவர் அக்குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டிவைக்கச் செய்தார். கங்காரு முறை என்று இன்று உலகம் அழைப்பது அதுவே. டில்லி உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. எடைகுறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் சேர்த்தால், முதல் 28 நாள்களில் நேரும் மரணம் கால்பங்கு குறைகிறது என்று அது கண்டது. பொறியும் மின்சாரமும் செய்யாததை உம்மாவின் மார்பு செய்தது.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் தாய்மார் முழுமையாக இரண்டாண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிப் பேசுகிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். மேடைகளில் எடுத்துரைக்கவும் செய்கிறோம். அதே வசனம் தொடர்ந்து சொல்வதை மட்டும் மெல்ல விட்டுவிடுகிறோம். பாலூட்டுபவளுக்கு உணவும் உடையும் அளிக்கும் கடமையைக் குழந்தையின் தந்தைமீது அது வைக்கிறது. பெண்ணைப் பெற்றவர்மீது வைக்கவில்லை. செலவு யாருக்காக? தாய்க்காக. செலவு யாருடையது? தந்தையுடையது. நம் சீர்வரிசை இவ்விரண்டையும் தலைகீழாக்கிவிட்டது. பொருளுக்காகச் செலவு, அதையும் பெண் வீட்டார் செலவு!

மறுப்புகளுக்கு மறுமொழி

"பேரப்பிள்ளைக்கு ஆசையாகச் செய்வதையும் தடுக்கலாமா?" என்று கேட்பார்கள். ஆசையாகச் செய்வதை எவரும் தடுக்கவில்லை. செய்யாவிட்டால் மகள் முகம் வாடுமே, சம்பந்தி வீட்டார் சொல்லிக்காட்டுவார்களே என்று அஞ்சிச் செய்வதற்கு ஆசை என்று பெயர் வைக்காதீர்கள்.

"பால் சுரக்காத தாய் என்ன செய்வாள்?" என்பார்கள். அத்தகைய தாய்மார் உண்டு. நோயுற்றவர்களும், தாயை இழந்த குழந்தைகளும் உண்டு. மருத்துவர் கூறினால் பால்மாவு மருந்துக்கு ஒப்பாகும். அந்தத் தாயை ஒருவரும் குறைகூறலாகாது. ஆனால் மருந்தைத் தேவைக்கு முன்பே சீராக அனுப்புவோர் உண்டோ? புட்டி அருகிலேயே இருந்தால், குழந்தை இருமுறை அழுததும் "பால் போதவில்லை" என்று சொல்ல ஒரு மாமி வந்துவிடுவார். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டி நுழைந்தால் ஊற்று வற்றும். பிறகு புட்டிதான் கதி.

"காலம் மாறிவிட்டது, வேலைக்குப் போகும் பெண்ணுக்குத் துணி துவைக்க நேரமேது?" என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. இரவிலும் பயணத்திலும் டயாப்பர் ஒரு வசதிதான், பயன்படுத்தட்டும். ஆனால் இக்கேள்வியின் உள்ளே இருக்கும் குறை நேரக்குறை. பேறுகால நலச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பைத் தந்தது. அது முறையான வேலையில் இருப்போருக்கே எட்டுகிறது. மேலப்பாளையத்தில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்ணுக்கும், ஆம்பூரில் தோல் தைக்கும் பெண்ணுக்கும் வேண்டியது ஆறு மாத ஓய்வும் அதுவரை அடுப்பெரியப் பணமும். மின்தொட்டில் அதைத் தராது. அந்த மின்தொட்டிலின் விலை தரும்.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். பெண் வீட்டார் பட்டியல் எழுதுவதை நிறுத்தட்டும். மாப்பிள்ளை வீட்டாரே முன்வந்து, "சீர் வேண்டா, பிள்ளையும் தாயும் நலமாக வந்தால் போதும்" என்று தலைப்பிரசவத்துக்கு முன்பே சொல்லி அனுப்பட்டும். குழந்தையின் தந்தை தன் பணத்தில் ஆறு மாதத்துக்கு முட்டையும் மீனும் கீரையும் பாலும் மனைவிக்கு வாங்கித் தரட்டும். துணி துவைக்கவும் பாத்திரம் துலக்கவும் ஓர் உதவியாளை அமர்த்தட்டும். இயலாவிட்டால் தானே துவைக்கட்டும். இரவில் ஒருமுறையேனும் எழுந்து குழந்தையைத் தோளில் போட்டு உலவட்டும். ஜமாஅத்துகள் திருமணத்தின்போது கைக்கூலி இல்லை என்று எழுதி வாங்குவதுபோல், பிள்ளைச்சீர் இல்லை என்றும் எழுதி வாங்கட்டும்.

பிறந்த குழந்தை வண்டியின் விலையை அறியாது. மெத்தையின் மேலுறையில் என்ன படம் என்பதையும் அறியாது. அது அறிந்தது உம்மாவின் மணத்தையும் சூட்டையும் குரலையும் மட்டுமே. அவளை உண்ணவும் உறங்கவும் விடுங்கள். பிள்ளைக்கு நாம் செய்யக்கூடிய முதற்சீர் அதுதான்.